எலும்பண்ணனின் நான்கு ஆணிகள்

எலும்பண்ணன் பேருந்தை நிறுத்துவது போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அங்கே பேருந்தும் இல்லை, சாலையும் இல்லை. அது ஒரு தையல் கடையின் பின்னறை.

"இன்னும் இழு!" என்றாள் நூல்கண்டு.

"இதுக்கு மேல இழுத்தா என் கைதான் கழண்டு வரும்!" என்று கத்தினான் டமாரம். அவன் சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடி வரை கேட்கும். கத்தினால் சொல்லவே வேண்டாம்.

நூல்கண்டின் அம்மா தையற்காரர். பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு சுத்தமாகக் கிளம்பினாலும் அவள் பாவாடையிலோ சடையிலோ ஒரு நூல் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர் அது. இப்போது வீட்டிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

எலும்பண்ணன் ஆறாம் வகுப்பு செய்த எலும்புக்கூடு, வகுப்பின் செல்லப்பிள்ளை. நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. வாசலில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, உச்சியில் தொங்கும் மணியை அவர் அடிக்க வேண்டும். அந்த மணி அடித்தால்தான் கண்காட்சி தொடங்கும். அடிக்காவிட்டால் வாசல் இடம் ஏழாம் வகுப்பின் ராக்கெட்டுக்குப் போய்விடும். எலும்பண்ணன் கழிவறைக்குப் பக்கத்துத் தாழ்வாரத்துக்குப் போவார்.

போன வருடம் இவர்கள் செய்த பாலம், தலைமை ஆசிரியர் தும்மியதில் விழுந்துவிட்டது. "தும்மல் பாலம்" என்று ஏழாம் வகுப்புப் பையன்கள் இன்னும் கேலி செய்கிறார்கள். அதனால்தான் இந்த முறை நூல்கண்டு வகுப்பில் எழுந்து நின்று, "நம்ம ஆளு கண்டிப்பா மணி அடிப்பாரு. நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வகுப்பே கைதட்டியது. ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து கொடுத்தது.

தரை துடைக்கும் கழி முதுகெலும்பு ஆனது. உடைந்த சட்டை மாட்டி, கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பு ஆனது. முக்கோணமாக அறுத்த பலகை தோள்பட்டை எலும்பு. குடைக் கம்புகள் கைகள். இடது கை இடுப்பில் ஊன்றியபடி சும்மா இருக்கும். வேலை எல்லாம் வலது கைக்குத்தான். தலை ஒரு பழைய பந்து. அதில் பல் வரைந்தது டமாரம். முப்பத்திரண்டோடு நிறுத்தாமல் நாற்பது வரைந்துவிட்டான்.

தசைகள் மட்டும் முழுக்க முழுக்க நூல்கண்டின் யோசனை. சிவப்புத் துணியைக் குழாய் மாதிரித் தைத்து, உள்ளே நாடா கோத்திருந்தாள். நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக் குட்டையாகும், நடுவில் உப்பும். நம் கையை மடக்கினால் தசை உப்புகிறதே, அதே மாதிரி.

"தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். தள்ளத் தெரியாது" என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். நாடாவும் அப்படித்தானே!

கழுத்துத் தசைகள் அழகாக வேலை செய்தன. காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பின் மேல் முனை வரை பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வார்கள். இடது வாரை இழுத்தால் எலும்பண்ணன் வலப்பக்கம் பார்த்தார்.

"இடது பக்கம் இழுத்தா வலது பக்கம் திரும்புறாரே! உன்னை மாதிரியே ஏடாகூடம்" என்றான் டமாரம்.

"நீயும் அப்படித்தான். வலப்பக்கம் திரும்பிப் பாரு. இப்போ இடது கழுத்தைத் தொடு."

டமாரம் தொட்டுப் பார்த்தான். கயிறு போல ஒன்று விறைத்துக்கொண்டு நின்றது. "அட, ஆமா!" என்று அவன் போட்ட சத்தத்தில், முன்னறையில் தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் மெஷின் ஒரு நொடி நின்றுவிட்டு மறுபடி ஓடியது.

தோளின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருந்த தசையும் வேலை செய்தது. அதை இழுத்தால் கை பக்கவாட்டில் எழும். ஆனால் தோள் உயரம் வந்ததும் நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட நகராது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று டமாரம் காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தான்.

படக்!

நாடா அறுந்தது. டமாரம் வெட்டுத் துணிக் குவியலில் மல்லாந்து விழுந்தான். எலும்பண்ணன் நாற்பது பல்லையும் காட்டிச் சிரித்தபடி நின்றார்.

அந்த நேரம் பார்த்தா ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்க்க வேண்டும்? ஏழாம் வகுப்பு மீசை. அவனுக்கு மீசை இன்னும் முளைக்கவில்லை. நாடகத்துக்காக ஒரு நாள் மையால் வரைந்துகொண்டான். அது ஒரு வாரம் அழியவில்லை. பெயர் அழியவே இல்லை.

"என்ன, உங்க ஆளு வழி கேட்கிறாரா? தாழ்வாரத்துக்கு நேராப் போயி இடது பக்கம் திரும்பச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே போனான்.

நூல்கண்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். எங்கே தப்பு? எல்லாம் உறுதியாகத்தானே இருக்கிறது! "ஆட்டம் இருந்தா அது தையலே இல்ல" என்பது அம்மா தினமும் சொல்லும் வார்த்தை. பொத்தானோ கையோ காலரோ, எது ஆடினாலும் அம்மா பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். அவர் மகள் மட்டும் சும்மா விடுவாளா? தோள்பட்டைப் பலகை ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், விலா எலும்புக் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து, அதில் நான்கு ஆணி அடித்து இறுக்கிவிட்டாள். இப்போது இம்மியும் ஆடாது.

முதுகில் ஒரு பெரிய சிவப்புத் துணியும் இருந்தது. பிடரியிலிருந்து நடுமுதுகு வரை, இரண்டு தோளுக்கும் விரிந்து, பார்க்கப் பட்டம் மாதிரி இருக்கும். நூலகப் புத்தகத்துப் படத்தில் இருந்ததால் அதையும் வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"இந்தப் பட்டத் தசை எதுக்கு?" என்று டமாரம் முன்பே கேட்டிருந்தான்.

"தலையைப் பிடிச்சு நிறுத்துறதுக்கு. தோள்பட்டை எலும்பைத் திருப்பும்னும் போட்டிருக்கு. எலும்பை எதுக்குத் திருப்பணும்? புரியல. அழகுக்கு இருக்கட்டும்."

தலையைப் பிடித்து நிறுத்துவது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். குனிந்து குனிந்து தைக்கும் அம்மாவுக்கு மாலையானால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல் மாதிரி இறுகிவிடும். அந்த இடத்தைத் தினமும் பிடித்துவிடுவது நூல்கண்டுதான்.

அறுந்த நாடாவை அவள் மறுபடி கோத்துக்கொண்டிருந்தபோது, முன்னறையில் ஒரு குரல் கேட்டது.

"அக்கா, எப்படியாவது தச்சுக் குடுங்க. மூணாவது தடவையாக் கிழிஞ்சிருச்சு."

நூல்கண்டு எட்டிப் பார்த்தாள். அடுத்த தெரு பெயிண்டர். முடியிலும் புருவத்திலும் வெள்ளைப் புள்ளிகள். கையில் ஒரு நீலச் சட்டை. அதன் முதுகு, தோள்பட்டைக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"தம்பி, இந்த ஆஸ்பத்திரிச் சட்டை பன்னிரண்டும் ராத்திரிக்குள்ள முடிக்கணும். நாளை மறுநாள் வாங்களேன்" என்றார் அம்மா. மெஷின் நிற்கவில்லை.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எங்க கம்பெனி எடுத்த புது கட்டடத்துல முதல் நாள் வேலைக்கா. இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் வரணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. ஒரே ஒரு சட்டைதான் குடுத்திருக்காங்க. கிழிஞ்சதோட போய் நின்னா..." அவர் சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

நூல்கண்டு பின்னறையைத் திரும்பிப் பார்த்தாள். மணி ஐந்தரை. எட்டு மணிக்கு அம்மா கடையைச் சாத்திவிடுவார். எலும்பண்ணன் இன்னும் பேருந்தை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். ஒரு நிமிடம்கூட வீணாக்க முடியாது.

ஆனால் அந்தப் பெயிண்டர் சட்டையை மடிக்கிற விதத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. நாளைக் காலையில் பயத்தோடு போய் நிற்கப்போவது அவளும் அவரும்தான். அவராவது தப்பிக்கட்டுமே!

"அம்மா, நான் தையலைப் பிரிச்சு, அளவு எடுத்துத் தரேன். நீங்க தைக்க மட்டும் செய்ங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்."

"உன் எலும்பண்ணன்?"

"அவரு நிப்பாரும்மா. அவருக்கு நிக்கத்தானே தெரியும்."

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இன்ச் டேப்பை எடுத்து அவள் கழுத்தில் போட்டார்.

நூல்கண்டு நாற்காலியில் ஏறி நின்று பெயிண்டரின் முதுகை அளந்தாள். "சட்டை உங்களுக்குச் சரியாத்தான் இருக்கு, அண்ணா. அப்புறம் ஏன் கிழியுது? எந்த வேலை செய்யறப்போ கிழிஞ்சுது?"

"மேல் கூரைக்கு அடிக்கும்போது. கையை இப்படித் தூக்கினேன், சர்ருனு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

"செஞ்சு காட்டுங்க."

அவர் முதுகில் அவள் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். பெயிண்டர் இல்லாத தூரிகையை எடுத்து, இல்லாத வாளியில் முக்கி, கடையின் கூரையை நோக்கி உயர்த்தினார்.

நூல்கண்டின் கைக்கு அடியில் என்னவோ நகர்ந்தது.

"ஐயோ, ஓடுது! முதுகுல ஓடுது!" என்று அலறினாள்.

"என்னது? பல்லியா?" என்று பெயிண்டர் துள்ளிக் குதித்தார். டமாரம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னறையிலிருந்து பாய்ந்து வந்தான்.

"பல்லி இல்ல! எலும்பு! அண்ணா, அசையாம நில்லுங்க. இல்ல இல்ல, அசைங்க! மறுபடி தூக்குங்க!"

இப்போது தோள்பட்டை எலும்பின் கீழ் முனையைத் தேடி, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டாள். கை எழ எழ, அந்த முனை விரலை விட்டு நழுவி அக்குள் பக்கமாகப் போனது. எலும்பு மொத்தமும் சாய்ந்து திரும்பியது. கை கீழே இறங்கியதும் சமர்த்தாகப் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

"டமாரம், நீயும் கையைத் தூக்கு!" அவன் முதுகிலும் அதே ஓட்டம். தன் முதுகில் அவனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அங்கேயும்!

"நாம அதுக்கு ஆணி அடிச்சிட்டோம்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நூல்கண்டு. "கை பாதி தூரம்தான் தானாப் போகும். மீதி தூரத்துக்கு எலும்பு திரும்பிக் குடுக்கணும். அதைத் திருப்பறதுதான் பட்டத் தசை!"

டமாரம் குறடைத் தேடி ஓடினான்.

"இரு!" என்றாள் அவள். அவள் கால்களும் பின்னறைக்குப் பறக்கத் துடித்தன. ஆனாலும் பெயிண்டரின் சட்டை இன்னும் அவள் தோளில் கிடந்தது. "முதல்ல இவர் வேலை."

சட்டையின் முதுகுத் தையலை அவள் பிரித்தாள். "அம்மா, கிழிஞ்ச இடத்தை ஒட்டித் தச்சா மறுபடியும் கிழியும். ரெண்டு பக்கமும் ஒரு மடிப்பு விட்டுத் தைங்க. எலும்பு திரும்புறப்போ மடிப்பு விரியும்."

அம்மாவின் மெஷின் நின்றது. அன்று மாலையில் அது நிற்பது இது இரண்டாவது முறை. "அதைத்தான் நான் சொல்லலாம்னு இருந்தேன்" என்று சிரித்தார்.

பத்தே நிமிடத்தில் சட்டை தயார். பெயிண்டர் போட்டுக்கொண்டு ஒரு கையைத் தூக்கினார். பிறகு இரண்டு கையையும் தூக்கினார். பிறகு பயம் விட்டுப்போய், கடைக்குள்ளேயே நான்கு சுவருக்கும் வெள்ளை அடித்துக் காட்டினார். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"பாப்பா, நாளைக்கு நான் தலை நிமிந்து போவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னறையில் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. நான்காவது ஆணி வந்ததும் பலகை லொடலொடவென்று தொங்கியது. இப்போது அது சட்டை மாட்டியின் நுனியில் மட்டும்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

"போச்சு! முன்னாடி பாதியாவது தூக்கினாரு" என்று டமாரம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நம்ம முதுகுலயும் அப்படித்தான் இருக்கு. முன்னாடி காறை எலும்போட மட்டும்தான் மூட்டு. பின்னாடி தசைங்கதான் பிடிச்சு வச்சிருக்கு."

அவள் பட்டத் துணியைப் பிரித்தெடுத்தாள். மேல் பாகத்துக்கு ஒரு நாடா, கீழ்ப் பாகத்துக்கு ஒரு நாடா. மேல் நாடாவின் நுனி பலகையின் வெளி மூலையில். கீழ் நாடாவின் நுனி உள் ஓரத்தில். ஒன்று மேலே இழுக்கும், மற்றது கீழே இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் பலகை திரும்பும். பஸ் டிரைவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் திருப்புகிற மாதிரி.

கீழ் நாடாவைத் தைக்க ஊசியை எடுத்தபோது அம்மா விளக்கை அணைத்தார். "எட்டு மணி."

"அம்மா, ஒரே ஒரு தையல்!"

"கண்ணு சொருகுது உனக்கு. விரல்ல குத்திக்குவ. காலையில தச்சுக்கோ."

காலையில் என்றால் கடையிலேயே என்று அம்மா நினைத்தார். ஆனால் எலும்பண்ணனைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதற்கும், அவர் தலை உருண்டோடியதைத் துரத்திப் பிடிப்பதற்கும் நேரம் சரியாகப் போய்விட்டது. கடைசித் தையலை நூல்கண்டு பள்ளி வாசலில், எல்லோர் முன்னாலும் போட வேண்டியதாயிற்று.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. ஏழாம் வகுப்பு ராக்கெட் பக்கத்தில் தயாராக நின்றது. அதைத் தூக்கி வைக்க மீசை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் அறிவியல் டீச்சர்.

நூல்கண்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆரம்பிக்கலாம், டீச்சர்." ஒரு முறைகூட முழுதாகச் செய்து பார்க்கவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எலும்பண்ணன் முதலில் இடப்பக்கம் பார்த்தார். பிறகு வலப்பக்கம் பார்த்தார். சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். டமாரம் தொப்பித் தசையை இழுத்தான். கை எழுந்தது. தோள் உயரம் வந்தது.

நின்றது.

"பஸ் வருது, பஸ் வருது!" என்று மீசை கத்தினான். நாலைந்து பேர் சிரித்தார்கள். வகுப்புப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல்கண்டையே பார்த்தார்கள்.

"இன்னும் முடியல" என்றாள் அவள்.

இரண்டு நாடாக்களையும் இரண்டு கையில் பிடித்தாள். ஒரே சீராக இழுத்தாள். முதுகில் பட்டத் துணி சுருங்கி உப்பியது. தோள்பட்டைப் பலகை மெல்லச் சாய்ந்தது, திரும்பியது. அதோடு கை மேலே ஏறியது. காது உயரம். தலை உயரம். அதற்கும் மேலே!

டிங்!

ஒரே ஒரு சத்தம்தான். ஆனால் அடுத்த நொடி அது யாருக்கும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்பு போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. டமாரம் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்துக் கத்தினான்.

"அடிச்சிட்டாரு! எங்க அண்ணன் மணி அடிச்சிட்டாரு!"

தலைமை ஆசிரியர் தும்மினார். எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். எலும்பண்ணன் அசையவில்லை. கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது.

டீச்சர் எலும்பண்ணனின் முதுகுப் பக்கம் போய்க் குனிந்து குனிந்து பார்த்தார். "தோள்பட்டை எலும்பு திரும்பணும்னு நான் வகுப்புல சொல்லித் தரவே இல்லையே! எதுல படிச்ச?"

"பெயிண்டர் அண்ணன் முதுகுல, டீச்சர்" என்றாள் நூல்கண்டு.

கொஞ்ச நேரத்தில் பள்ளி வாசலே வேடிக்கையாகிவிட்டது. ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவர் முதுகில் கை வைத்து, "தூக்கு, தூக்கு! ஐயோ, ஓடுது!" என்று கூவினார்கள். தலைமை ஆசிரியரும் கையைத் தூக்கி நின்றார். அவர் முதுகைத் தொட்டுப் பார்க்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் அம்மா நின்றிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்ததில் கழுத்தில் இன்ச் டேப் அப்படியே தொங்கியது. மகள் அருகில் வந்ததும், அவள் சடையில் ஒட்டியிருந்த சிவப்பு நூலை எடுத்தார்.

"சில இடத்துல கொஞ்சம் ஆட்டம் வேணும்தான் போல" என்றார்.

யாரோ பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார்கள். மீசை. காதெல்லாம் சிவந்திருந்தது.

"நான்... ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டுமா?"

டமாரம் வாயைத் திறப்பதற்குள், நூல்கண்டு இரண்டு நாடாக்களையும் மீசையின் கையில் கொடுத்தாள்.

"மெதுவா இழுங்க, அண்ணா. அவரு காலையிலிருந்து பஸ்ஸுக்கு நின்னு களைச்சுப் போயிருக்காரு."

மீசை சிரித்துவிட்டான். டமாரம் தொப்பித் தசையை இழுத்தான், மீசை பட்டத் தசையை இழுத்தான். எலும்பண்ணன் நாற்பது பல்லும் தெரிய, கையை உச்சிக்குத் தூக்கி மறுபடியும் மணியை அடித்தார்.